வீடும் வயலும் ஒரே மனுவில்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு நாள் விடியலில், பக்கத்து ஊர்ப் பால்பண்ணைக்காரரும் நானும் பர்லிங்டனிலிருந்து மாண்ட்பீலியருக்கு ஒரே காரில் போவோம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சட்டமன்றம் அங்கேதான் கூடுகிறது. நான் வீட்டுக்காகப் பேசுவேன், அவர் நிலத்துக்காக. ஆனால் மனு ஒன்றுதான்.

1980களில் இது எளிதாக இருக்கவில்லை. பனிச்சறுக்கு மலைகளைச் சுற்றி வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். பால் விலை கட்டுப்படியாகாத பண்ணைகள் மனைகளாயின. உள்ளூரில் உழைப்பவர்களுக்கோ உள்ளூரிலேயே வீடு எட்டவில்லை. வயலைக் காக்க நினைத்தவர்களும் வீடு கேட்டவர்களும் தனித்தனியே கையேந்தாமல் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். 1987-இல் இரண்டுக்கும் பொதுவான அறக்கட்டளை நிதிச் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் மேடலின் குனின் கையெழுத்திட்டார். முதல் ஒதுக்கீடு 30 லட்சம் டாலர். மறு ஆண்டே மேலும் 2 கோடி கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் உழவர் நிலத்தை விற்க வேண்டியதில்லை. அதை மனையாக்கும் உரிமையை மட்டும் விற்கிறார். அந்தப் பணத்தில் கடன் அடையும், நிலம் என்றும் விளைநிலமாகவே இருக்கும். என் வீட்டில் சுவரும் கூரையும் என்னுடையவை. அடிமனை, 1984-இல் பர்லிங்டனில் தொடங்கிய சமூக நில அறக்கட்டளையின் வழிவந்த அமைப்புக்குச் சொந்தம். நான் விற்றால் விலையேற்றத்தில் கால் பங்கு எனக்கு. மீதி வீட்டோடு தங்கி, அடுத்து வரும் குடும்பத்தின் சுமையைக் குறைக்கும்.

இந்தச் சமூக நில அறக்கட்டளை முறையின் வேர்களில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. 1951-இல் போச்சம்பள்ளியில் வினோபா தொடங்கிய பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம், பிறகு கிராமதானமாக வளர்ந்தது. நிலம் ஊருக்கே சொந்தம் என்ற அந்த எண்ணம் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கரை ஈர்த்தது. 1969-இல் ஜார்ஜியாவில் கறுப்பின உழவர்களுக்காக உருவான முதல் சமூக நில அறக்கட்டளைக்குத் தோள்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

சொத்து மாற்று வரியில் பாதி இந்த நிதிக்கு என்று வெர்மான்ட் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பட்ஜெட் நெருக்கடியில் அந்தப் பங்கு பல ஆண்டுகள் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆகவேதான் ஆண்டுதோறும் போகிறோம். சட்டமன்றத்தின் 180 உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குத் தனி அறை கிடையாது. சிற்றுண்டிச்சாலை மேசையில் எதிரே உட்கார்ந்து பேசலாம்.

ஒருமுறை ஓர் உறுப்பினர், "பணம் போதாது. வீடா, நிலமா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். நான் வாய் திறக்குமுன் பண்ணைக்காரர் சொன்னார்: "என் மாடுகளைக் கறக்கும் பையனுக்குக் குடியிருக்க இடமில்லை. முதலில் அவனுக்கு வீடு கொடுங்கள்."

அவர் மேய்ச்சல் நிலத்துக்காக அன்று நான் பேசினேன்.