தோற்பையும் துன்னற்கலையும்

கல்வி என்றதும் ஏடும் எழுதுகோலும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வேட்டைச் சுமந்து சென்ற பையை யாரும் நினைப்பதில்லை. தபால்காரரின் பையும், கணக்கரின் பையும், வழக்கறிஞரின் பையும் நெடுங்காலம் தோலால் ஆனவையே. அவற்றைத் தைத்த கைகளுக்கு உரியவர்களோ அப்பைக்குள் இருந்த எழுத்தைப் படிக்க இயலாதவர்களாக வைக்கப்பட்டிருந்தனர். இந்த முரண்பாட்டின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். தோல் தைத்தல் ஓர் அறிவு. அதனை அறிவு என்று போற்றாமல் பிறப்பின் அடையாளமாக்கியதே நமக்கு இழைக்கப்பட்ட அநீதி.

பழந்தமிழ்ச் சான்றுகள்

தைத்தலைத் துன்னுதல் என்றும் தைப்போரைத் துன்னர் என்றும் பழந்தமிழர் வழங்கினர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தின் தொழிலாளரைக் கூறும்போது, துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைத்துக் கூறுகின்றது. பெருந்துறைமுக நகரின் செல்வத்தில் தோல் தைப்போர்க்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

புறநானூற்றின் 82-ஆம் பாடல் இதனினும் கருத்தூன்றிக் காணத்தக்கது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர்த்திறனைச் சாத்தந்தையார் பாடுகின்றார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கின்றது, பொழுதும் சாய்கின்றது. அந்நேரத்தில் ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பிணித்துக்கொண்டிருக்கின்றான். அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவானது மன்னனின் போர் என்கின்றார் புலவர். மன்னனின் வீரத்திற்கு உவமையாகத் தகுதி பெற்றது ஓர் ஏழைத் தொழிலாளியின் கைத்திறன். ஆயினும் அதே பாடல் அவனை ‘இழிசினன்’ என்றே குறிக்கின்றது. கைக்கு உவமைப் பெருமை, ஆளுக்கு இழிபெயர்! பின்வந்த நூற்றாண்டுகளின் கதை முழுவதும் இந்த ஒரு பாடலுக்குள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

தையலின் நுட்பம்

தோற்பை தைப்பதில் அறிவென்ன இருக்கின்றது என்று வினவுவோர்க்கு விடையாக, அத்தொழிலைச் சற்று விளக்குதல் நன்று.

பைக்கு ஏற்றது ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட மாட்டுத்தோல். ஒரே தோலில் எல்லாப் பகுதியும் ஒரு தன்மையன அல்ல. முதுகுப்பகுதி உறுதியானது, வயிற்றுப்பகுதி தளர்ந்து நீளக்கூடியது. எனவே தோளில் மாட்டும் வாரை முதுகுப்பகுதியிலிருந்தே வெட்டுவர். பையின் பின்புறத்தையும் மேல்மூடியையும் ஒரே துண்டாக வெட்டி, முன்புறத்தைத் தனியாகவும் பக்கப்பட்டையைத் தனியாகவும் வெட்டிக்கொள்வர். மடிப்பு வரும் இடங்களில் தோலின் அடிப்பக்கத்தைச் சீவி மெல்லியதாக்குவர். இல்லையேல் மடிப்பு தடித்து வெடிக்கும்.

அடுத்து விளிம்பிலிருந்து ஒரே இடைவெளியில் கோடு கீறி, அக்கோட்டின்மேல் துளைகளுக்குச் சமதூரத்தில் அடையாளமிடுவர். துளையிடும் குத்தூசியின் முனை சாய்சதுர வடிவினது. எல்லாத் துளைகளும் ஒரே சாய்வில் விழுந்தால்தான் தையல் ஒழுங்காக அமையும். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு நூலெடுத்துத் தேன்மெழுகு பூசி, அதன் இரு முனைகளிலும் இரு ஊசிகளைக் கோப்பர். முதல் துளையில் நூலைச் செலுத்தி இருபுறமும் சமமாக்கிக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் நுழைத்து ஒரே அளவான விசையுடன் இழுப்பர். இறுதியில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து முடிப்பர். குதிரைச் சேணம் செய்வோர் கையாண்ட இத்தையலைச் சேணத்தையல் என்பர்.

இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றி நிற்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்துள்ள தையல்களும் நெகிழும். சேணத்தையலிலோ ஒவ்வொரு துளையின் வழியாகவும் நூலின் இரு முனைகளும் முழுமையாகக் கடந்து செல்கின்றன. ஒருபுறம் தேய்ந்து அறுந்தாலும் மறுபுறத்து நூல் பிடித்து நிற்கும். அளவை, கோணம், விசை, பொருளின் தன்மை ஆகிய அனைத்தையும் அறிந்தாலன்றி இது கைகூடாது. வகுப்பறையில் இவற்றைக் கணிதம் என்றும் இயற்பியல் என்றும் கற்பிக்கின்றோம். கைவினைஞனின் மடியில் இருந்தபோது மட்டும் இவற்றுக்குப் பெயரில்லை.

கிணற்றடியில் கண்ட அநீதி

மின்விசை எக்கிகள் பரவுவதற்கு முன்னர் தமிழகத்துக் கிணற்றுப் பாசனத்தின் உயிர்நாடியாக விளங்கியது கவலை ஏற்றம். மாடுகள் இழுக்க மேலேறி வரும் சாலின் அடியில், யானைத் துதிக்கை போன்ற தோற்குழாய் ஒன்று இணைந்திருக்கும். அதன் வழியாகவே நீர் வாய்க்காலில் பாயும். அத்தோலைத் தைத்தவனும், கிழிந்தபோது ஒட்டுப்போட்டவனும் நம் முன்னோனே. அவன் தைத்த தோலில் ஊறி வந்த நீர் யாருக்கும் தீட்டாகவில்லை. அவன் கை மட்டும் தீட்டாயிற்று! ஊர்ப் பொதுக்கிணற்றில் அவன் நீர் எடுத்தல் கூடாது என்றனர். 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாத்துக் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கி நீர் பருகியது இத்தகைய கொடுமையை எதிர்த்தே.

பள்ளிக்குள் நுழைந்த தோல்

1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிடுவதை ஆராயத் தொடங்கினார். கவலைத்தோல் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதும் அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. 1915-இல் சென்னையில் தோல் தொழிற் பள்ளி தோன்றியது. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. டாக்டர் ஒய். நாயுடம்மா போன்ற அறிஞர்கள் அதனை உலகறியச் செய்தனர். பல சாதியினரும் தோலைத் தொட்டு ஆராய்ந்து பட்டம் பெற்றனர். இதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தோலைத் தொட்டவர்க்குப் பட்டம், சேரியில் தொட்டவர்க்குப் பழி என்பது எவ்வகை நியாயம்?

நம் தலைவர்கள் இதனை அன்றே உணர்ந்திருந்தனர். சென்னைச் சட்டசபை உறுப்பினராகத் தொண்டாற்றிய எல்.சி. குருசாமி அருந்ததியர் சமுதாயத்துப் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தினார். பகலெல்லாம் உழைத்தவர்க்கு இரவே பள்ளிக்காலமாயிற்று.

1953-இல் இராஜாஜி அமைச்சரவை ஒரு புதிய தொடக்கக்கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு 3 மணியாகக் குறையும். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலலாம் என்பது அதன் சாரம். தொழிற்கல்வி என்ற பெயரில் செம்மான் மகனைக் குத்தூசிக்கே திருப்பியனுப்பும் குலக்கல்வி இது என்று தந்தை பெரியார் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். விரும்பிய எவரும் தோல் தைக்கக் கற்கலாம் என்றால் அது கல்வி. இன்னார் மகன்தான் கற்க வேண்டும் என்றால் அது விலங்கு. ஊசி ஒன்றே, யார் கையில் யார் திணித்தது என்பதே வேறுபாடு.

இளைஞர்களே! நம் முன்னோர் தோல் தைத்தனர் என்று யாரேனும் இகழ்ந்துரைத்தால் தலைகுனிய வேண்டா. புறநானூற்றுக் காலத்திலேயே மன்னனுக்கு உவமையான கைகள் அவை. அதே வேளையில், அத்தொழிலே உங்களுக்கு உரியது என்று யாரேனும் சுட்டிக்காட்டினால் அதற்கும் இணங்க வேண்டா. மருத்துவரோ, பொறியாளரோ, ஆசிரியரோ, தோல் ஆய்வறிஞரோ, நீங்கள் எதுவாக வேண்டும் என்பதை நீங்களே தேர்வு செய்யுங்கள். நம் சேரிகளில் இன்றும் ஊசி பிடிக்கும் முதியோர் உள்ளனர். அவர்களிடம் அமர்ந்து, கருவிகளின் பெயர்களையும் அளவுகளையும் தையல் வகைகளையும் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் எழுதாமற்போன நூல் அது. அதனை எழுதும் எழுத்தறிவை உங்களுக்கு வழங்கவே நம் கல்விச் சங்கம் இந்த 25 ஆண்டுகளாக உழைத்து வந்துள்ளது. அப்பணி மென்மேலும் ஓங்குக!