ஜப்பான்காரர் தட்டில் நம்ம கறி

தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி கொச்சிக்கு வரும் குடும்பங்கள் முதல் மாதம் சொல்லும் புகார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். சாம்பாரில் தேங்காய் எண்ணெய் வாசம். சோறு சிவப்பாக, கொட்டை கொட்டையாக. காபி ஹவுஸில் மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட்! வைட்டிலா பக்கம் குடியிருக்கும் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இதில்தான் ஆரம்பிக்கும்.

அடுத்த பேச்சு பிள்ளைகளைப் பற்றி. அதுகளுக்கு வத்தக்குழம்பு வேண்டாம். ஜப்பான் கார்ட்டூன் பார்த்துவிட்டு ராமென் வேண்டும், கட்சு கறி வேண்டும் என்கிறதுகள். கொச்சியிலும் இப்போது அதெல்லாம் கிடைக்கிறது. "நம்ம சாப்பாடு நம்மோட போச்சு சார்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

இது விளையாட்டான கவலை இல்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு மொழிக்கு அடுத்தபடி கையில் மிஞ்சுவது சாப்பாடுதான். நான் பி.காம். படித்து பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன், வரலாறு என் பாடமில்லை. இருந்தாலும் அந்தக் கட்சு கறி எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், கதை கடைசியில் நம்ம வாசலிலேயே வந்து நின்றது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கடையைப் பார்ப்போம். ஜப்பானில் சாமானியர்கள் சாப்பிடும் இடத்துக்கு 'ஷோக்குடோ' என்று பெயர். உணவுக் கூடம் என்று பொருள். நம்ம ஊர் செல்ஃப் சர்வீஸ் ஓட்டல் மாதிரிதான். பல கடைகளில் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மாதிரிச் சாப்பாடு இருக்கும். காசு போட்டு டோக்கன் வாங்க வேண்டும், தட்டு ரெடியானதும் எடுத்துக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவர் யார் என்றெல்லாம் பார்க்க முடியாது. அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு சாப்பாட்டின் பெயர் 'கரே ரைஸு'. தட்டில் ஒரு பாதி வெள்ளைச் சோறு, மறு பாதி கெட்டியான பழுப்புக் குழம்பு, அதில் கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், இறைச்சி. அந்தக் 'கரே' வேறொன்றுமில்லை, நம்ம 'கறி'தான்!

கறி கப்பல் ஏறியது

பழந்தமிழில் கறி என்றால் மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாட்டு, யவனர்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிப் போனதைச் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் கையாள்கிறது. அந்த முசிறி இருந்ததாகக் கருதப்படும் கொடுங்கல்லூர் - பட்டணம் பகுதி வைட்டிலாவிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு வரும் தூரம்தான்.

போர்த்துகீசியர் கொச்சிக்கு வந்தது 1500ல். 1663ல் டச்சுக்காரர், 1795ல் ஆங்கிலேயர். மூன்று பேரும் வந்தது மட்டாஞ்சேரி கிடங்குகளில் குவிந்த மிளகுக்காக. போகும்போது சொல்லையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். தமிழ்க் கறிதான் போர்த்துகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. ஆங்கிலேயர் அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு, குழம்புக்குக் குழம்பு மாறும் மசாலாவை ஒரே பொடியாக்கி, டப்பாவில் அடைத்து, 'கறி பவுடர்' என்று பெயர் வைத்து உலகம் முழுக்க விற்றார்கள்.

ஜப்பானுக்கு அந்த டப்பா போனது மெய்ஜி காலத்தில். 1872ல் வந்த மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களிலேயே கறி இருக்கிறது. அதில் ஒரு செய்முறையில் இஞ்சி, பூண்டு, வெண்ணெயோடு சிவப்புத் தவளையும் சேரும்! ஆக, ஜப்பானியருக்குக் கறி முதலில் இந்தியச் சாப்பாடாக வரவில்லை, வெள்ளைக்காரன் சாப்பாடாக வந்தது.

சோறும் ஒரு வியாதியும்

அது பொதுஜனத்திடம் போனதில் ராணுவத்துக்கும் கடற்படைக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் ஜப்பான் கடற்படையை 'பெரிபெரி' என்ற வியாதி வாட்டியது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும். 1882-83ல் நீண்ட பயணம் போன ரியூஜோ கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு வியாதி, 25 பேர் இறந்தார்கள். லண்டனில் படித்துவிட்டு வந்த கடற்படை டாக்டர் தகாகி கனேஹிரோ, கோளாறு சாப்பாட்டில்தான் என்று வாதாடினார். 1884ல் அதே வழியில் சுகுபா என்ற கப்பலை அனுப்பி, வெறும் வெள்ளைச் சோற்றைக் குறைத்து, இறைச்சியும் ரொட்டியும் காய்கறியும் கொடுத்தார். பெரிபெரியால் ஒருவர்கூட சாகவில்லை. காரணம் புரதக் குறைவு என்று அவர் நினைத்தார், அது தவறு. ஆனால் வைத்தியம் பலித்தது. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியில் பி1 வைட்டமின் போய்விடுகிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

இந்தக் கதையில் நம்மவர்களும் உண்டு. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பிராடன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அது அபூர்வமாகத்தான் வந்தது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது சத்து உள்ளே இறங்கிவிடுவதால் தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடும். கடல் தாண்டிப் போன ஏழைத் தமிழனை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பழக்கம் காப்பாற்றியது. (கொட்டை கொட்டையாக இருக்கிறது என்று நாம் இங்கே ஒதுக்குகிறோமே மட்ட அரிசி, அதுவும் பெரும்பாலும் புழுக்கித்தான் வருகிறது!)

மறுபடி கப்பலுக்கு வருவோம். இறைச்சி, காய்கறி, மாவு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சோற்றின் மேல் ஊற்றக் கறி வசதியாக இருந்தது. 1908ல் வந்த கடற்படைச் சமையல் கையேட்டில் செய்முறையே இருக்கிறது. கோதுமை மாவை வறுத்து, கறிப் பொடி போட்டு, குழம்பைக் கெட்டியாக்கச் சொல்கிறது. ராணுவத்திலும் கறி பரிமாறினார்கள். சேவை முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களோடு கறியும் ஊருக்குப் போனது. இன்றைக்கும் ஜப்பான் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான்.

பேங்க்காரர் திறந்த சாப்பாட்டுக் கூடம்

1918ல் ஜப்பானில் அரிசி விலை தாறுமாறாக ஏறி ஊர் ஊராகக் கலவரம் வெடித்தது. (அதே வருஷம் சென்னை மாகாணத்திலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன.) அதையொட்டிப் பெரிய நகரங்களில் மலிவு விலைப் பொது உணவுக் கூடங்கள் திறக்கப்பட்டன. கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த தனி ஆட்களுக்கு அதுதான் வீடு மாதிரி.

அடுத்த கட்டம் ஒசாகாவில். கோபயாஷி இச்சிஸோ என்பவர் மிட்சுயி வங்கியில் 1893 முதல் 1907 வரை குப்பை கொட்டியவர் (நம்ம ஆள்!). பிறகு ரயில் கம்பெனி தொடங்கினார். 1929ல் உமேதா ரயில் நிலையத்திலேயே ஹாங்க்யூ டிபார்ட்மென்ட் ஸ்டோரைத் திறந்து, மேல் மாடிகளில் பெரிய உணவுக் கூடம் வைத்தார். அங்கே கறிச் சோறு 20 சென். (100 சென் ஒரு யென்.) குடும்பம் குடும்பமாகக் கூட்டம் அம்மியது.

திறந்த கொஞ்ச நாளிலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை போனவர்கள், அரைச் சம்பளக்காரர்கள் வந்து 5 சென்னுக்கு வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். இதற்கு 'சோரைஸ்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. சாஸும் ரைஸும்! ஊழியர்களுக்கு எரிச்சல். கணக்குப்படி பார்த்தால் நாற்காலிக்கும் நஷ்டம், சாஸுக்கும் நஷ்டம்.

கோபயாஷி என்ன செய்தார் தெரியுமா? வெறும் சோறு மட்டும் வாங்குகிறவர்களையும் வரவேற்கிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். கூடவே சிவப்பு ஊறுகாயும் வைக்கச் சொன்னார். இன்றைக்கு இவர்கள் கையில் காசில்லை, நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள், நம்மை நினைவில் வைத்திருப்பார்கள் என்பது அவர் வாதம்.

எங்கள் தொழிலில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஜீரோ பேலன்ஸ் கணக்கு வைத்திருப்பவரை கவுன்டரில் எப்படி நடத்துகிறோம் என்பதில் ஒரு கிளையின் லட்சணம் தெரிந்துவிடும். கோபயாஷி செய்தது தர்மமா, வியாபாரமா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் சோறு வாங்கியவன் தலைகுனியாமல் சாப்பிட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

அசல் கறியும் நகல் கறியும்

இப்போது நம்ம பிரச்சினைக்கு வருவோம். ஜப்பானியர் சாப்பிட்ட அந்த மாவுக் குழம்பைப் பார்த்து ஒரு இந்தியருக்கு வயிறு எரியாதா? எரிந்தது. ராஷ் பிஹாரி போஸ், பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி 1915ல் ஜப்பான் போன புரட்சிக்காரர். டோக்கியோ ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய சோமா குடும்பம் அவரை ஒளித்து வைத்தது. 1918ல் அந்த வீட்டுப் பெண் தொஷிகோவையே மணந்தார். இங்கே சாப்பிடுவது இங்கிலீஷ்காரன் கறி, எங்கள் கறியல்ல என்பது அவர் ஆதங்கம். 1927ல் அந்தக் கடையில் உணவகம் தொடங்கியபோது, எலும்போடு கோழித்துண்டும் முழு மசாலாவும் போட்ட 'அசல் இந்தியக் கறி' வந்தது. விலை 80 சென்! மற்ற கடைகளில் 10, 12 சென்னுக்குக் கறி கிடைத்த காலம். அப்படியும் ஓடியது. நாடு திரும்ப முடியாதவர் தன் நாட்டைத் தட்டில் வைத்துக் காட்டினார். 1945 ஜனவரியில், சுதந்திரத்தைப் பார்க்காமலே, ஜப்பானில் இறந்தார்.

அவரோடு இயக்கத்தில் இருந்தவர் ஏ.எம். நாயர். 1905ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, 1928ல் கியோட்டோவுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போய், அங்கேயே தங்கிவிட்டவர். போர் முடிந்து, டோக்கியோ சாம்பலிலிருந்து எழுந்துகொண்டிருந்த 1949ல், கின்ஸாவில் 'நாயர் ரெஸ்டாரன்ட்' திறந்தார். அதற்கு முந்தைய வருஷம் அதே கின்ஸாவில்தான், கறிச் சோற்றின் மேல் பன்றி இறைச்சிக் கட்லெட்டை வைத்துக் கட்சு கறி பிறந்தது என்று சொல்கிறார்கள். ஒரு பக்கம் அசலை நிலைநாட்டும் நாயர், இன்னொரு பக்கம் நகலுக்கு மேல் நகல் செய்யும் ஜப்பானியர்!

இதில் எது ஜெயித்தது? இரண்டும்தான். நகமுராயா கறி இன்றும் உண்டு. நாயர் கடையும் உண்டு. கட்சு கறி உலகம் சுற்றுகிறது. 1978ல் நகோயா பக்கம் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய கோகோ இச்சிபன்யா என்ற கறிக்கடைச் சங்கிலி 2020ல் டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் கிளை திறந்தது. கறி போன வழியே திரும்பி வந்துவிட்டது!

பொடியான 10 சென் கறி ஊரெல்லாம் பரவியிருக்காவிட்டால், 80 சென் கறியை 'அசல்' என்று சொல்லிக் காட்ட போஸுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. நகல் போட்ட பாதையில்தான் அசல் நடந்தது.

காபி ஹவுஸ் பீட்ரூட்டும் அப்படித்தான். காபி போர்டு 1957ல் கடைகளை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கேரளத்தில் முதல் கடையை 1958ல் திருச்சூரில் திறந்தார்கள். மாணவனும் வக்கீலும் லாரி டிரைவரும் ஒரே விலையில் உட்காரும் இடம். தோசைக்குள் பீட்ரூட் வைத்ததால் தோசை அழியவில்லை. ஒரு ஊருக்கு அது ஊர்த் தோசை ஆகிவிட்டது.

அதனால் பிள்ளைகள் கட்சு கறி கேட்டால் மனம் கலங்க வேண்டாம் என்பேன். கூடவே உட்கார்ந்து, இந்தச் சொல் எங்கிருந்து போனது என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டில் வத்தக்குழம்பை நிறுத்தாதீர்கள், போஸ் மாதிரி, நாயர் மாதிரி பிடிவாதமாக வையுங்கள். புதிதாக மாற்றலாகி வந்து தனியாக மெஸ்ஸில் சாப்பிடும் பையன் யாராவது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு இலை கூடப் போடுங்கள். ஜப்பானில் கறி தங்கியது பக்குவத்தால் மட்டுமல்ல, வந்தவனை உட்கார வைத்த மேஜைகளாலும்தான்.

ஒரு கொசுறுத் தகவல். ஜப்பானியர் சாதாரணமாகச் சோற்றையும் குழம்பையும் மொத்தமாகக் கலக்க மாட்டார்கள். கின்ஸாவின் நாயர் கடையில் கோழி, மஞ்சள் சோறு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தட்டில் வைத்து, எலும்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, பரிமாறுகிறவர் சொல்வாராம்: எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடுங்கள் என்று. எழுபது வருஷத்துக்கு மேலாக டோக்கியோக்காரர்களும் கலந்துதான் சாப்பிடுகிறார்கள்!