கேட்டோ மேனர் பெண்களும் பீர் பானைகளும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கைபேசியில் காணொளி ஒன்றைக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் தன் வீட்டுச் சமையலறையில் பீர் தயாரிக்கிறார். கடையில் வாங்கிய 'கிட்' அது. டப்பாவில் பாகு மாதிரி மால்ட் சாறு, கூடவே ஒரு சின்னப் பொட்டலம் ஈஸ்ட். வெந்நீரில் பாகைக் கரைத்து, சர்க்கரை போட்டு, ஆறியதும் ஈஸ்டைத் தூவி வாளியை மூடி வைக்கிறார். அதோடு நிற்கவில்லை. ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை, காப்பி என்று தோன்றியதையெல்லாம் சேர்க்கிறார். "நல்ல பொழுதுபோக்குதானே தோழர்?" என்று மாணவர் கேட்டார்.

பொழுதுபோக்குதான். ஆனால் இதே வேலையைச் செய்ததற்காகத் தடியடி பட்ட பெண்கள் இருக்கிறார்கள். வீடுவீடாகப் புகுந்த போலீஸ் அவர்களுடைய பானைகளைக் கவிழ்த்தது. அந்தக் கதையை அன்று அரைகுறையாகத்தான் சொன்னோம். இங்கே கொஞ்சம் முழுதாகச் சொல்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடியால் சிதைந்த குடும்பங்களோடுதான் நாங்கள் தினமும் வேலை செய்கிறோம். மதுவுக்கு வக்காலத்து வாங்க எங்களுக்கு ஆசை இல்லை. ஒரே செயல் ஒருவருக்குப் பொழுதுபோக்காகவும் இன்னொருவருக்குக் குற்றமாகவும் ஆவது எப்படி என்பதே எங்கள் கேள்வி.

அமெரிக்கக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே 1920இல் மதுவிலக்கு வந்தது. பீர் ஆலைகள் சும்மா இருக்கவில்லை. மால்ட் பாகை டப்பாவில் அடைத்து, ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி மளிகைக் கடைகளில் விற்றன. அது எதற்குப் போகிறது என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இன்றைய கிட்டின் பாட்டி அந்த டப்பாதான். 1933இல் மதுவிலக்கு போன பிறகும் வீட்டில் பீர் தயாரிப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகவே இருந்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை அனுமதித்தது. ஒரு வீட்டில் வயதுவந்தோர் இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 காலன் வரை தயாரிக்கலாம், விற்கக் கூடாது. பிரிட்டனில் 1963இலேயே வீட்டுப் பீருக்கு உரிமம் வாங்கும் முறை ஒழிந்துவிட்டது.

இனி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வருவோம். அங்கே ஆப்பிரிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்துவந்த பானம் உம்கொம்போதி. மக்காச்சோள மாவும் முளைகட்டிய சோளமும்தான் மூலப்பொருள். இரண்டையும் வெந்நீரில் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்து, இன்னும் கொஞ்சம் முளைச்சோள மாவு சேர்த்து நொதிக்க விட்டு, பிறகு வடிகட்டுவார்கள். நம்மூர்ப் புளித்த கூழைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறமும் கெட்டியும் அந்நியமாகத் தெரியாது. போதை குறைவு, பசியாறும். விருந்து, சாவு, முன்னோர் வழிபாடு எதுவும் அது இல்லாமல் நடக்காது. அதைத் தயாரிப்பது பெண்களின் வேலை, பெண்களின் உரிமை.

1908இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கர்களுக்குப் பீர் தயாரித்து விற்கும் ஏகபோகத்தை நகராட்சிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. டர்பன் நகராட்சி உடனே பிடித்துக்கொண்டது. பெண்கள் தயாரித்தால் குற்றம். அதே பானத்தை நகராட்சி தயாரித்துத் தன் பீர் கூடங்களில் விற்றால் நிர்வாகம்! அந்த வருமானத்தில்தான் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை அடைத்துவைக்கும் குடியிருப்புகள் கட்டப்பட்டன, அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்குச் சம்பளம் தரப்பட்டது. தன்னை ஒடுக்கும் செலவை ஒடுக்கப்பட்டவனே குடித்துக் கட்ட வேண்டும். 'டர்பன் முறை' என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டை மற்ற நகரங்களும் பின்பற்றின. அரசே சாராயக்கடை நடத்தும் மாநிலத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்தபோது நம்மில் பலர் பள்ளிப் பிள்ளைகள்.

நகரத்துக்கு வந்த பெண்களுக்கு வேறு என்ன வேலை இருந்தது? வெள்ளையர் வீட்டில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது. கணவன் கூலி வாடகைக்கே போய்விடும். மானுடவியலாளர் எல்லன் ஹெல்மன் 1930களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்கின் ரூயார்ட் என்ற சேரியில் ஆய்வு செய்தார். அந்தப் பெண்களின் பீர் வருமானம் இல்லாமல் குடும்பங்கள் ஓடியிருக்காது என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். முற்றத்தில் குழி தோண்டி, பீர் நிறைந்த தகரங்களைப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். போலீஸ் வந்து இரும்புக் கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்க்கும்.

சேர்மானங்களின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. உம்கொம்போதி பக்குவமாகச் சில நாள் வேண்டும். எந்நேரமும் சோதனை வரும் என்றால் அத்தனை நாள் யார் காத்திருப்பது? ஈஸ்டும் சர்க்கரையும் போட்டு ஒரே நாளில் பொங்கும் ஸ்கோகியான் ஜோகன்னஸ்பர்கில் பரவியது. டர்பன் பக்கம் சர்க்கரைப் பாகில் செய்த இஷிமியானா. அந்தப் பெண்கள் கண்டதையும் கலக்கிறார்கள், விஷம் விற்கிறார்கள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். சில கலவைகள் கெடுதலானவைதான், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாகப் புளித்த சத்தான பானத்தை அவசரச் சரக்காக மாற்றியதில் சோதனைக்கு வந்த போலீசுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சர்க்கரைக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்காக மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் சிலர் டர்பனை ஒட்டிய கேட்டோ மேனரில் நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார்கள். நகரத்துக்கு வந்த ஆப்பிரிக்கர்கள் அங்கே குடிசை போட, இந்திய நில உடைமையாளர்கள் வாடகை வாங்கினார்கள். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் கலவரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதைத் தூண்டியதில் வெள்ளை ஆட்சியின் பங்கு தனிக்கதை. ஆனால் கூலியாகப் போனவர்களில் சிலர் வாடகை வசூலிப்பவர்களாக ஆனதையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1929இல் டர்பனில் பீர் கூடப் புறக்கணிப்பு நடந்தது. நேட்டாலின் சிறு நகரங்களில் பெண்கள் தடிகளோடு கூடங்களுக்குள் நுழைந்து குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள். முப்பது வருடம் கழித்து, 1959 ஜூனில், கேட்டோ மேனரில் வீடுவீடாகச் சோதனை நடந்தது. ஜூன் 17 அன்று பெண்கள் நகராட்சிப் பீர் கூடத்துக்குள் புகுந்தார்கள். ஆண்களை வெளியே துரத்தி, பீரைக் கீழே கொட்டினார்கள். மறுநாள் சுமார் 2,000 பெண்கள் தங்கள் குறைகளைச் சொல்லக் கூடியபோது போலீஸ் தடியடி நடத்தியது. குழந்தையை முதுகில் கட்டியிருந்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். கேட்டோ மேனர் பெண்களைத் திரட்டியவர்களில் ஒருவரான டொரத்தி நியெம்பே பின்னாளில் 15 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

இதை மதுவிலக்குப் போராட்டம் என்று சுருக்கி எழுதுபவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. கணவனின் கூலி கூடத்துக்குப் போகிறது, பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்காகத் தான் வைத்த பானை உடைகிறது. இரண்டையும் செய்வது ஒரே நகராட்சி. அந்தப் பெண்கள் குடியை எதிர்த்தார்களா, தொழிலைக் காத்தார்களா என்று பிரித்துக் கேட்பது, வெளியே நின்று பார்ப்பவரின் கேள்வி.

1960 ஜனவரியில் கேட்டோ மேனரில் மது சோதனைக்குப் போன போலீசார் ஒன்பது பேர் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு குடிசைகளை அகற்றுவது இன்னும் வேகமெடுத்தது. மக்கள் குவாமாஷு போன்ற தொலைவான இடங்களுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். 1962இல் ஆப்பிரிக்கர்களும் பாட்டில் மது வாங்கலாம் என்று அரசு தடையை நீக்கியது. விற்பனை பெருகி, பீர் கூடங்கள் தொடர்ந்தன. 1976இல் சோவெட்டோ மாணவர்கள் எழுந்தபோது அவர்கள் தீ வைத்த கட்டடங்களில் அரசின் பீர் கூடங்களும் மதுக்கடைகளும் இருந்தன. அப்பன் சம்பளம் எங்கே போனது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

இப்போது தென்னாப்பிரிக்காவில் உம்கொம்போதிக்கான முளைச்சோள மாவு பொட்டலமாகக் கடையில் கிடைக்கிறது. வாங்கி வந்து, மக்காச்சோள மாவைக் கலந்து, வாளியில் புளிக்க வைத்தால் போதும். மண்ணில் புதைக்க வேண்டியதில்லை.