நாற்பது பேர் சொல்லாத சரித்திரம்

ஓய்வு பெற்ற புதிதில், நம்மவர்கள் மாட்டுங்காவில் குடியேறிய சரித்திரத்தை எழுதிவிடுவது என்று கிளம்பினேன். எந்த வருஷம் பம்பாய் வந்தீர்கள், எந்த ஆபீஸ், முதலில் யாராத்தில் தங்கினீர்கள் என்று இருபது கேள்விகள் கொண்ட தாள் தயாரித்தேன். ஒருவர் அடுத்தவரைக் கைகாட்ட, அவர் இன்னொருவரைச் சொல்ல, மூன்றே மாதத்தில் நாற்பது பெரியவர்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் ஒரே கதைதான். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், ரயில், ஒரு சித்தப்பா வீட்டு வராந்தா, பிறகு உத்தியோகம். நாற்பது பேர் ஒரே மாதிரி சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

பேராசிரியராக இருந்த நண்பர் ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "சரி, இவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சமூகவியல் புத்தகங்கள் பக்கம் தள்ளிற்று.

இந்தத் துறைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கியவர் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1924 முதல் அதை நடத்தியவர் ஜி.எஸ். குர்யே. சமஸ்கிருதம் கற்றவர், சாதியைப் பற்றிய அவருடைய நூல் 1932இல் வந்தது. அவரிடம் 1936இல் வந்து சேர்ந்த மாணவர்தான் மைசூரைச் சேர்ந்த எம்.என். ஸ்ரீநிவாஸ், ஐயங்கார் குடும்பம்.

ஏட்டில் படிக்கும் சமூகம் வேறு, நேரில் பார்க்கும் சமூகம் வேறு என்பதுதான் ஸ்ரீநிவாஸ் வாழ்நாள் முழுக்க வற்புறுத்திய விஷயம். சாஸ்திரத்தில் நான்கு வர்ணம். கிராமத்திலோ எண்ணற்ற ஜாதிகள். அங்கே யார் பேச்சு செல்லும் என்பதை நிலமும் தலைக்கட்டு எண்ணிக்கையும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. இதைத்தான் அவர் 'ஆதிக்க சாதி' என்றார். கீழே வைக்கப்பட்டவர்கள் மேலே உள்ளவர்களின் ஆசாரங்களைக் கைக்கொண்டு அந்தஸ்து தேடுவதற்கு அவர் வைத்த பெயர் 'சமஸ்கிருதமயமாதல்'. குடகு மக்களைப் பற்றிய அவருடைய 1952ஆம் வருஷத்து நூலில் இது விரிவாக இருக்கிறது.

1948இல் ராம்புரா என்று அவர் பெயரிட்ட மைசூர் கிராமத்தில் போய்த் தங்கினார். ஸ்நானத்துக்குப் பிறகு க்ஷவரம் செய்துகொள்ளும் அவருடைய பழக்கத்தை ஊரார் கண்டித்தார்கள். ஆராய்ச்சிக்கு வந்த அவரை அவர்கள் பிராமணராகத்தான் பார்த்தார்கள். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த இடத்துக்கு யாரோ தீ வைத்ததில், பல வருஷங்களாகத் தொகுத்துச் சீராக்கிய குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதி 1976இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். என் நாற்பது தாள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டும் போதெல்லாம் இது ஞாபகம் வரும்!

ஆனால் என்னை உலுக்கியது ஆந்த்ரே பெத்தேய். தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் வங்காளி. 1961-62இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆராய்ச்சி செய்தார். அக்ரஹாரத்திலேயே தங்க இடம் கொடுத்தார்கள்; வெளியாருக்குக் கிடைக்காத சலுகை அது. அக்ரஹாரத்துக்காரராகிவிட்டதால் சேரிக்குப் போய்வருவது அவருக்குச் சங்கடமாயிற்று. ஆதிதிராவிடர்களைப் பற்றித் தாம் திரட்டிய தகவல் பிராமணர்களைப் பற்றியதைவிடக் குறைவு என்பதை 1965இல் வெளிவந்த நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிற நேர்மை எனக்குப் புதிது.

நான் உட்கார்ந்திருந்ததும் அக்ரஹாரத்தில்தான், கிங்ஸ் சர்க்கிள் அக்ரஹாரத்தில். நாற்பது பேரில் ஒரு மாமிகூட இல்லை. செம்பூரில் ஒரு வீட்டில் கேள்விகளை மாமாவிடம் கேட்டேன். காபி கொண்டுவந்த மாமி, "என்னை யாரும் கேக்கலையே" என்றாள். கேட்டேன். சமையலுள்ளுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் இருக்கும் ஃபிளாட்டுக்கு வர மாட்டேன் என்று மாமியார் அடம் பிடித்ததை ஒரு மணி நேரம் சொன்னாள். பிறகு 2013இல் வெளிவந்த நிகில் ராவின் நூலில் இதே விஷயத்தை, மாட்டுங்கா ஃபிளாட் வாழ்க்கையின் சரித்திரமாகவே கண்டேன். 1896 பிளேக்கும், 1898இல் அமைந்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்டும், தாதர்-மாட்டுங்கா மனைகளும் அதில் வருகின்றன.

மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. தோல் பதனிடும் வேலைக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் அங்கே வரத் தொடங்கியிருந்தார்கள். நம்மில் பலருக்கு முன்பே! அறுபது வருஷம் மாட்டுங்காவில் இருந்த நான் ஒருநாளும் அங்கே போய்ப் பேசியதில்லை. ஒருவழியாகப் போனேன். ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"மாட்டுங்கா எங்களுக்கு நல்லாத் தெரியும் சார். எங்கம்மா உங்க தெருவுல நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்க. உங்க நாப்பது பேர்ல யாராவது அதைச் சொன்னாங்களா?"

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. என் இருபது கேள்விகளில் அது இல்லை.

இருபத்தொன்றாவதாக அதைச் சேர்த்தேன். கிங்ஸ் சர்க்கிளில் என் பழைய சிநேகிதர் ஒருவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தாளை நீட்டினார். அவராத்து மாமி பேனாவை வாங்கி, ஒரு பெயர், ஊர், தாராவியில் எந்தச் சந்து, எத்தனை வருஷம் என்று எழுதினாள். எழுதிவிட்டு, "அவளோட பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட்டா. நாங்க போகலை" என்றாள். அதையும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சிநேகிதர் வேண்டாம் என்றார். மாமி, "எழுதிக்கோங்கோ" என்றாள்.