முதலெழுத்துக் கரப்பும் வரலாற்றுச் சான்றும்

செய்யுளின் அடிதோறும் முதற்கண் நிற்கும் எழுத்துக்களை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படிக்குமிடத்து ஒரு பெயரோ, சொல்லோ, வாக்கியமோ பெறப்படுமாறு நூல் யாத்தல் பல நாட்டுப் புலவர்க்கும் உரிய வழக்காகும். தமிழிலே தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் என்பன ஒரு செய்யுளினுள்ளே பிறிதொன்றை மறைத்து வைப்பன. மறைக்கும் முறை வேறாயினும், கற்றோன் கண்டு மகிழுமாறு ஒன்றைக் கரந்து வைக்கும் நோக்கம் ஒன்றே. ஆதலின் மேற்கூறிய வழக்கை முதலெழுத்துக் கரப்பு என ஈண்டு வழங்குவோம். இது வெறும் புலமை விளையாட்டாக நின்றுவிடவில்லை. நூலாசிரியர் யாவர், நூலில் இழந்த பகுதி யாது என்னும் வினாக்களுக்கு இது விடை பகர்ந்துள்ளது. பொய்யான விடைகளுக்கும் இடமளித்துள்ளது. இவ்விரண்டனையும் பகுத்தறிதல் வரலாறு பயில்வோர் கடனாகும்.

இவ்வழக்கின் தொன்மைக்குப் பபிலோனியா சான்று பகரும். துன்புற்றான் ஒருவனும் அவன் நண்பனும் தெய்வ நீதியைக் குறித்து உரையாடுவதாக அமைந்த பாடலொன்று, கி.மு. 1000ஐ ஒட்டிய காலத்தது எனக் கருதப்படுவது, அந்நாட்டுக் களிமண் ஏடுகளிற் கிடைத்துள்ளது. அது 27 பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் 11 அடிகளாலானது. ஒரு பகுதியின் 11 அடிகளும் ஒரே அசைக்குறியால் தொடங்குகின்றன. அவ்விருபத்தேழு குறிகளையும் முறையே படிப்பின், சாக்கில்-கீனம்-உப்பிப் என்னும் பெயருடைய மந்திரச் சடங்காசான் தன்னைத் தெய்வத்தையும் அரசனையும் வணங்குவோன் எனக் கூறிக்கொள்ளும் வாக்கியம் பெறப்படும். பண்டைப் பபிலோனிய இலக்கியத்தில் ஆசிரியர் பெயர் அறியப்படாத நூல்களே மிகப் பல. இப்புலவன் பெயர் அவன் பாடலினுள்ளேயே பிழைத்திருக்கின்றது. ஏடுகள் உடைந்து கிடந்தபோதும், அடிகளின் தொடக்கக் குறி அவற்றின் வரிசையை அறியத் துணைபுரிந்தது.

பெயரன்றி நெடுங்கணக்கு முறையே அடிமுதலாக வருதலும் உண்டு. ஔவையாரின் ஆத்திசூடி அகரம் முதலாகச் செல்வதை நாம் இளமையிலேயே அறிவோம். எபிரேயத் திருப்பாடல்களுட் சிலவும் இவ்வாறமைந்தன. 119ஆம் பாடல் 22 எழுத்துக்களுக்கும் எழுத்தொன்றுக்கு எட்டாக 176 வசனங்களை உடையது. 145ஆம் பாடலிலோ, வழிவழி வந்த எபிரேய மூலத்தில், நகரத்திற்குரிய 'நூன்' என்னும் எழுத்தால் தொடங்கும் வசனம் காணப்படவில்லை. பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்விடத்திற்குரிய வசனம் ஒன்றிருந்தது. 1956இல் சாக்கடலருகே கும்ரான் பகுதிப் பதினோராம் குகையிற் கண்டெடுக்கப்பட்ட எபிரேயச் சுருளிலும் அவ்வசனம் இருத்தல் பின்னர் அறியப்பட்டது. அது முதனூலுக்கே உரியதா, பிற்காலத்தார் குறை நிரப்பியதா என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுவர். எனினும் குறை உண்டென்பதை முதற்கண் உணர்த்தியது எழுத்து வரிசையே.

ஆசிரியரை மாற்றியமைத்த சான்றும் உண்டு. கிரேக்க நாட்டை வருணிக்கும் பழைய செய்யுள் நூலொன்று அரிஸ்தோத்தலின் மாணாக்கராகிய திக்காயார்க்கசு இயற்றியதென நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் முதல் 23 அடிகளின் முதலெழுத்துக்கள் 'கல்லிபோனின் மகனாகிய தியோனிசியசினது' எனப் பொருள்படும் தொடரைத் தருதல் கண்டறியப்பட்டபின் அக்கொள்கை கைவிடப்பட்டது. 1499இல் வெனிசு நகரில் ஆல்டசு மனூத்தியசு அச்சிட்ட 'போலிபிலோவின் கனவு' என்னும் நூலிலும் ஆசிரியர் பெயர் வெளிப்படையாக இல்லை. ஆயின் 38 அதிகாரங்களின் முதலெழுத்துக்கள், சகோதரர் பிரான்சிசுக்கசு கொலும்னா போலியாவைப் பெரிதும் நேசித்தார் என்னும் இலத்தீன் வாக்கியமாகின்றன. அப்பெயருடைய வெனிசுத் துறவியா, உரோமப் பிரபுவா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. கரந்த எழுத்துப் பெயரைத் தரும். ஆளைத் தருவதற்குப் பிற சான்றும் வேண்டும்.

இனி, ஐயத்திற்குரியவற்றை நோக்குவோம். வேர்ஜிலின் ஈனியட் காவியம் ஏழாம் காண்டத்தில் 601 முதல் 604 வரையுள்ள அடிகளின் முதலெழுத்துக்கள் போர்த்தெய்வமாகிய மார்சின் பெயரைத் தருகின்றன. அவ்விடம் போர் தொடங்கும் உரோம வழக்கத்தைக் கூறுவதே. ஆயினும் ஏறத்தாழ 9,900 அடிகளை உடைய காவியத்தில் நான்கெழுத்துச் சொல்லொன்று தற்செயலாய் அமைதலும் கூடும். அராத்தசு என்னும் கிரேக்கப் புலவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய வானியற் பாடலிலோ, ஐந்தடிகளின் முதலெழுத்துக்கள் 'நுண்ணியது' எனப் பொருள்படும் சொல்லாகின்றன. அவற்றுள் முதலடி அதே சொல்லால் தொடங்குகின்றது. நெடுக்கும் கிடையும் ஒன்றையே கூறுதலின் தற்செயல் என்பார் சிலரே. இதனை 1960இல் சாக்கு என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்துக்காட்டினார்.

மயக்கத்திற்குச் சிறந்த உதாரணம் செகப்பிரியர் நாடகங்களைப் பேக்கன் எழுதினார் என்போர் கொள்கை. 1909இல் பூத் என்னும் அமெரிக்கர் அந்நாடகங்களில் பேக்கனின் பெயர் முதலெழுத்துக்களால் ஒப்பமிடப்பட்டுள்ளதென நூலெழுதினார். அவர் ஓரெழுத்திற் தொடங்கி, வேண்டிய அடுத்த எழுத்து வருமளவும் இடைப்பட்டவற்றைத் தள்ளிச் செல்வார். இம்முறையால் பேக்கன் பெயரையன்றி வேறு பெயர்களையும் பெறலாம். இக்கொள்கையினரை 1957இல் வெளியான நூலொன்றில் ஆராய்ந்தோர் வில்லியம் பிரீட்மன், எலிசபெத் பிரீட்மன் என்னும் தம்பதியர். இவர்கள் மறையெழுத்துக் கலையில் முதலடி வைத்ததே பேக்கன் கொள்கையில் நம்பிக்கையுடைய செல்வரொருவரின் ஆய்வு நிலையத்திலாகும். பின்னர், வில்லியம் தலைமை தாங்கிய குழு 1940இல் யப்பானியரின் இராசதந்திர மறையெழுத்தை அவிழ்த்தது. அவர்கள் பேக்கன் கொள்கையை நகைத்துத் தள்ளாது, இரு வினாக்களையே எழுப்பினர். பெறப்பட்ட வாக்கியம் இலக்கணம் வழுவாது பொருள் தருமா? யாவர் முயன்றாலும் அவ்விதியால் அவ்விடையே வருமா? பேக்கன் கொள்கையினர் காட்டிய எதுவும் இவ்வினாக்களுக்கு முன் நிற்கவில்லை.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. எழுத்து நிற்குமிடம் விதியால் வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இடையில் எதனையும் தள்ளாது தொடர் நிரம்புதல் வேண்டும். நூற்பொருளோ புறச்சான்றோ அதற்குத் துணைநிற்றல் வேண்டும். பபிலோனியப் பாடலும் தியோனிசியசின் நூலும் இவற்றுக்கு இயைந்தன; பூத்தின் முறை முதல் விதியிலேயே வழுவியது. ஆசிரியர் பெயரும் காலமும் ஐயத்திற்கிடமாகிய நூல்கள் தமிழிலும் பலவாதலின், நம் மாணவர் இவ்வளவைகளை மனத்திருத்துதல் நன்று. தாம் விரும்பும் முடிபை நூலினுட் புகுத்தி அதனையே கண்டெடுத்தல் ஆராய்ச்சியாகாது.