ஆகாய மார்க்கத்துக் கடிதம்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் வைஷ்ணவர்களுக்கு உடையவரின் அவதார ஸ்தலம் நினைவுக்கு வரும். மற்றையோருக்கு 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி இரவு அங்கே நேர்ந்த கொடுமை நினைவுக்கு வரும். இன்றைய இளைஞர்களுக்கோ, இருங்காட்டுக்கோட்டை தொடங்கிச் சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே ஒரகடம் வரையிலும் பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளும், ஷிப்டு முடிந்த வேளையில் சாலையை அடைத்துக்கொண்டு வரும் கம்பெனிப் பேருந்துகளுமே அவ்வூரின் அடையாளம். அந்த மே மாத இரவில் உயிர் நீத்த ராஜீவ் காந்தி, அரசியலில் பிரவேசிக்குமுன் விமானம் ஓட்டியவர் என்பதைப் பலர் அறிவர், வி.யு.2 ஆர்.ஜி. என்னும் அழைப்புக்குறியைப் பெற்று, ஓய்ந்த நேரங்களில் கம்பியில்லாக் கருவியின் முன் அமர்ந்து முகமறியாத அன்பர்களோடு உரையாடிய ஒரு ஹாம் என்பதை அறிந்தவர் சிலரே. அவருடைய மனைவியாருக்கும் வி.யு.2 எஸ்.ஓ.என். என்ற குறி உண்டு. தங்களுள் ஒருவர் காலமானால் அவரைச் 'சைலண்ட் கீ' என்று குறிப்பிடுவது ஹாம்களின் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயப்படி பார்த்தால், அகால மரணத்தால் ஒரு தந்திச் சாவி ஓய்ந்துபோன ஊர் என்ற விசேஷமும் ஸ்ரீபெரும்புதூருக்கு உண்டு.

ஹாம்கள் என்போர், சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், ஊதியமும் லாபமும் கருதாமல் சொந்தச் செலவில் செய்தி பரிமாறிக்கொள்கிறவர்கள். இந்த வினோதக் கலை சென்னை ராஜதானிக்குப் புதிதன்று. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து 1921-இல் உரிமம் பெற்றுச் சுமார் மூன்றாண்டுக்குள்ளாகவே, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924 மே 16-ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஸ்தாபித்து, ஜூலை 31-ஆம் தேதி 40 வாட்டு சக்தியுள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டார். பணமுடையால் 1927-இல் கிளப் ஓய்ந்தது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கார்ப்பரேஷன் ரேடியோ ஒலித்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்ததோ 1938 ஜூன் 16-ஆம் தேதிதான். ஆகவே சென்னை வானொலியின் வம்சாவளியைத் தேடிப் போவோமானால் மூலபுருஷராக நிற்பவர் ஓர் அமெச்சூரே என்பதும், சர்க்கார் அவருக்குப் பின்னால் நிதானமாக நடந்து வந்து சேர்ந்தது என்பதும் விளங்கும்.

பின்னால் வந்த சர்க்கார், முன்னால் போனவர்மேல் எப்போதும் ஒரு கண் வைத்தே இருந்தது. 1933-இல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் அமெச்சூர்களின் உரிமங்கள் ரத்தாயின. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் மீண்டும் தலையெடுத்தபோதும், எதைப் பேசலாம், யாருக்காகப் பேசலாம் என்ற வரம்பு கூடவே இருந்தது. 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளில், என் அபிப்பிராயத்தில் மிகவும் கவனிக்கத்தக்க ஓர் இடம் உண்டு. பிறருடைய செய்தியை ஹாம் சுமந்து செல்லலாகாது என்பது பொது விதி. ஆனால் பூகம்பம், வெள்ளம், புயல், பெருந்தீ முதலியவற்றால் வழக்கமான தொடர்பு அறுந்துபோன காலத்தில், மாவட்ட ஆட்சியரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கொடுக்கும் செய்தியை, அத்தகைய அதிகாரிக்கே சேர்ப்பிக்கலாம் என்று அது இடம் கொடுக்கிறது. ஆபத்துக் காலத்தில் அமெச்சூரைத் தற்காலிகத் தபால்காரராக அங்கீகரிக்கும் வாசகம் அது. எழுதியவர்கள் அவ்வளவு தூரம் எண்ணி எழுதினார்களோ என்னவோ!

அந்தத் தபால்காரரின் பெருமை இந்தியாவில் முற்றாக வெளிப்பட்டது 2004 டிசம்பர் 26-ஆம் தேதி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, பதினேழு ஆண்டுகளாக எந்த அமெச்சூரின் குரலும் எழாதிருந்த அந்தமான் தீவுகளிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்புகொள்ள அனுமதி வாங்கி, சிலரோடு போர்ட் பிளேருக்குப் போய், தங்கியிருந்த விடுதியின் மாடியில் வான்கம்பி கட்டிப் பேசிக்கொண்டிருந்தார். காலை ஆறரை மணி சுமாருக்குப் பூமி அதிர்ந்தது, கடல் ஏறியது, தீவுகளின் தொலைபேசி அறுந்தது. விளையாட்டுப் போலத் தொடங்கிய நிலையம் ஒரு நொடியில் தீவுக்கும் நாட்டுக்கும் இடையே இருந்த ஒற்றையடிப் பாதையாயிற்று. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னாரைப் பற்றித் தகவல் வேண்டும், இன்ன இடத்துக்கு மருந்து வேண்டும் என்பனபோன்ற செய்திகள் நாட்கணக்கில் அங்கிருந்து போயின, வந்தன. கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது.

அச்செய்திகள் பெரும்பாலும் குரலாகவே போயின என்பதை நாம் மறக்கலாகாது. இரைச்சலும் மங்கலும் நிறைந்த அலைவரிசையில் ஒரு பெயரைச் சொல்லவேண்டுமானால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒரு சொல்லை உச்சரித்து, மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, தவறாயின் மீண்டும் தொடங்கவேண்டும். ஒரு பெயருக்கு இப்பாடு என்றால் நூறு பெயர் கொண்ட பட்டியலுக்கு என்ன பாடு என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். எழுதுபவர் களைப்பார்; இனிஷியல் மாறும்; வயது மாறும்; ஆபத்துக் காலத்தில் இனிஷியல் மாறுவது அற்பப் பிழையன்று. வாய்மொழி நெஞ்சுக்கு ஆறுதல் தரும். பட்டியலுக்கு வேண்டியது எழுத்து.

எழுத்தைப் பிழையின்றி ஆகாயத்தில் அனுப்பும் வித்தை முதலில் கடலில் வளர்ந்தது. கப்பல்களுக்கு டெலக்ஸ் அனுப்புவதற்கென இருந்த முறையை, 1970-களின் இறுதியில் பீட்டர் மார்ட்டினெஸ் என்னும் ஆங்கில ஹாம் அமெச்சூர்களுக்கு ஏற்றவாறு அமைத்து, அதற்கு ஆம்டார் என்று பெயரிட்டார். களத்துமேட்டில் நெல் அளப்பவர் ஒரு மரக்கால் அளந்து எண்ணைச் சொல்லி, கணக்கெழுதுபவர் ஆமென்ற பிறகே அடுத்த மரக்காலை முகப்பதுபோல, இக்கருவி மூன்று எழுத்துக்களை அனுப்பிவிட்டு வாய்மூடிக் காத்திருக்கும். மறுமுனை 'வந்தது' என்றால் அடுத்த மூன்று, 'வரவில்லை' என்றால் அதே மூன்று. ஒரு சுற்றுக்கு 450 மில்லி விநாடி. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் 13 எழுத்துக்களும் இடையூறு இல்லாத நாளில் ஐந்தே சுற்றில், இரண்டேகால் விநாடியில் போய்ச் சேரும். அனுப்பும்போதும் கேட்கும்போதும் மாறி மாறித் தட்டும் ரிலேயின் 'டக், டக்' ஓசையும், ஒலிபெருக்கியில் சிள்வண்டு கத்துவது போன்ற கீச்சொலியும், திரையில் மும்மூன்றாக முளைக்கும் எழுத்துக்களும் அறை முழுவதையும் ஆட்கொள்ளும். அலை மங்கினால் கீச்சொலி தொடரும், எழுத்து மட்டும் நின்றுவிடும். அது மீண்டும் நகரும் வரையில் அருகிலிருப்பவர் பேச்சை நிறுத்திக்கொள்வார்.

பிற முறைகள் இன்னும் வேகமானவை. 1978-இல் கனடாவில் தொடங்கிய பாக்கெட் ரேடியோ, செய்தியைப் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் அனுப்புநர் பெறுநர் குறிகளை ஒட்டி அனுப்பியது. 1990-களின் துவக்கத்தில் ஜெர்மானிய ஹாம்கள் இருவர் ஆம்டாரின் பொறுமையையும் பாக்கெட்டின் ஒழுங்கையும் இணைத்துப் பாக்டார் என்பதைச் செய்தனர். இவற்றை ஒரு தபால் இலாகாவாகக் கோத்தவர் அமெரிக்கரான விக் பூர். இவர் சாமானியர் அல்லர். இவருடைய கம்பெனி வடித்த டேட்டாபாயிண்ட் 2200 என்னும் கணிப்பொறி முனையத்துக்காக வகுக்கப்பட்ட கட்டளைகளே 1972-இல் இன்டெல் 8008 சில்லாக உருக்கொண்டன. இன்று கோடானுகோடி மேசைக் கணிப்பொறிகளில் இருக்கும் சில்லுகளுக்கு அது முப்பாட்டன். 1980-களில் அவர் எழுதிய ஏப்லிங்க் என்னும் மென்பொருள், நெடுந்தொலைவு ஆம்டாரையும் உள்ளூர்ப் பாக்கெட்டையும் இணைத்தது. அதன் வாரிசான வின்லிங்க், இந்நூற்றாண்டின் வாயிலில் இணைய மின்னஞ்சலோடு கைகோத்தது. பாய்மரப் படகில் உலகம் சுற்றியோர் அதை முதலில் விரும்பி ஏற்றனர். 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்கத் தென்கரையைச் சிதைத்தபோது அது நிவாரணத்துக்கு வந்தது.

அதன் மர்மம் எளிது. வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் இணையம் இல்லை. ஆனால் நூறு, ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கிறது. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி அங்கே இறங்கும்; அங்கே ஒரு ஹாம் இரவு பகலாகத் திறந்து வைத்திருக்கும் நுழைவாயில் நிலையம் கடிதத்தை வாங்கி இணையத்தில் சேர்க்கும். கார் பாட்டரி ஒன்று, வேப்பமரத்துக்கும் மாடிக்கும் இடையே கட்டிய கம்பி ஒன்று, மடிக்கணினி ஒன்று, இவை போதும். முகவரி, ஹாமின் அழைப்புக்குறியேதான். வாங்குபவருக்கு ஹாம் வித்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகத்து மேசையில் அது சாதாரண மின்னஞ்சலாகவே வந்து விழும், அச்சிட்டுக் கோப்பில் வைக்கலாம்.

இப்போது நம் தொழில் வட்டாரத்துக்கு வருவோம். 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தி தொடங்கியது. கோடிக்கணக்கான கைபேசிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியபின், 2014 நவம்பர் முதல் தேதி மூடப்பட்டது. சரியாகப் பதின்மூன்று மாதம் கழித்து, 2015 டிசம்பர் முதல் தேதி, வானம் பிளந்தது. செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. மேட்டுநிலத்து ஏரிகளின் உபரியெல்லாம் செம்பரம்பாக்கத்தில் சேர, அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விடப்பட்டது. அதைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் இங்கே வேண்டியதில்லை. ஹூண்டாய், ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்டு முதலிய ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின; மின்சாரம் போயிற்று; டீசல் தீர்ந்த ஜெனரேட்டர்களோடு கைபேசிக் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன; உலகுக்கே கைபேசி செய்து கொடுத்த வட்டாரத்தில் சட்டைப்பை தோறும் இருந்த கைபேசி வெறும் கைவிளக்காயிற்று. சென்னையின் ஹாம்கள் அப்போது தம் கருவிகளோடு பணியில் இறங்கினர்.

இதில் இன்னொரு விபரீதம். இரண்டாண்டுக்கு முன்னர்தான், 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு, நாட்டின் தந்திச் சேவை ஓய்ந்திருந்தது. கைபேசி வந்தபின் தந்தி எதற்கு என்ற கேள்வி நியாயமாகத் தோன்றியது. கைபேசி போனபின் எது என்ற கேள்வியை அன்று எழுப்பினாரில்லை. தந்தி மெல்லியதாயினும் எழுத்து; யார் அனுப்பினார், எப்போது, எத்தனை சொல் என்பதற்கு அதுவே சாட்சி. வானொலி மின்னஞ்சலை நவநாகரிகச் சரக்கென்று எண்ணுவோர் இந்தப் பழைய உறவை அறியார்.

ஆட்சேபங்களும் உண்டு, அவற்றுள் ஒன்று பலமானது. ஹாம்கள் மறைமொழியில் பேசலாகாது என்பது உலகப் பொது விதி. வின்லிங்க் கடிதமோ சுருக்கப்பட்டுச் செல்வதால், நடுவில் ஒட்டுக்கேட்பவர் அதைப் படிப்பது சுலபமன்று. இது மறைமொழிக்குச் சமானம் என்று அமெரிக்காவிலேயே ஒரு கட்சியார் அரசிடம் முறையிட்டனர். இடத்தைச் சிக்கனம் செய்வது வேறு, ரகசியம் காப்பது வேறு என்பது மறுகட்சி. எனக்கு இரண்டாம் கட்சியே நியாயமாகப் படுகிறது; எனினும் எல்லையோரங்களைக் காக்கவேண்டிய ஒரு நாட்டின் அதிகாரி முதற்கட்சியைச் சேர்வாராயின் அவரைக் குறைகூற மாட்டேன்.

ஒரகடத்தில் ஆலை வைத்திருப்போர், வெள்ளத்துக்கு இரண்டு ஜெனரேட்டரும், தீக்குப் பெரிய நீர்த்தொட்டியும் வைத்திருக்கிறார்கள். ஹாம் உரிமத்தை மட்டும் அவர்கள் வியாபாரத்துக்கென வாங்கி வைக்க முடியாது. கம்பெனியின் ஆர்டர்களையும் விலைவாசியையும் அந்த அலைவரிசையில் அனுப்பவும் கூடாது. உரிமம் பரீட்சை தேறிய ஆளுக்கு. அதற்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தால் போதும். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வும் இப்போது இல்லை. மின்னணுப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் தொழிலாளியோ, பாலிடெக்னிக்கில் படிக்கும் அவர் மகளோ தேறிவிட்டால், அழைப்புக்குறி அவர்களுடையது. வேலை மாறினாலும் அது அவர்களோடு போகும், ஆலை மூடினாலும் அது மூடாது.