உலர்ந்த சரக்கும் வடித்த தைலமும்

பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடையது. சேரநாட்டு மிளகு அவ்வழியே கொங்குநாட்டை அடைந்தது. கொங்குநாட்டில் கிடைத்த உரோமானியக் காசுகள் அவ்வாணிகத்தின் சான்றுகள். அன்று கடல்கடந்து சென்றது உலர்ந்த சரக்கே.

தைலத்தின் காலம் பின்னர் வந்தது. இடுக்கி மாவட்டத்து மறையூர் மலைகளில் முதுவர் மக்கள் தைலப்புல்லை அறுத்துக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்துத் தைலம் இறக்கினர். கேரளத்துப் புல்தைலம் உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ எனப்பட்டது. அதன் சிட்ராலிலிருந்து வைட்டமின் ஏ செய்யப்பட்டது. 1951இல் ஓடக்காலியில் அப்புல்லுக்கென ஆய்வு நிலையமே எழுந்தது. செயற்கைச் சிட்ரால் வந்தபின் அதன் மதிப்புத் தாழ்ந்தது.

இவ்விரண்டில் சிறந்தது யாது? விடையைச் செடியே தருகிறது. மிளகின் காரமாகிய பைப்பரின் ஆவியோடு ஏறுவதில்லை. ஆதலின் வடித்த மிளகெண்ணெயில் மணமுண்டு, காரமில்லை. சுக்கின் உறைப்பும் அத்தகையதே. தைலப்புல்லோ உலர உலர மணம் இழப்பது. அதனை வடித்தலே தகும்.

சித்த மருத்துவர் கூறும் தைலம் வேறு. அது நல்லெண்ணெய் போன்றவற்றில் மூலிகைச் சாறு சேர்த்துக் காய்ச்சுவது. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. நூறு கிலோ புல்லிலிருந்து ஒரு கிலோ தைலங்கூடக் கிடைப்பதில்லை. அத்துணைச் செறிவுடையதைக் கஷாயம்போல் பருகுதல் தீது. அயல்நாட்டில் வாழும் நாம் சுக்கையும் மிளகையும் அஞ்சறைப்பெட்டியில் காப்போம்; தைலக்குப்பியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்போம். இவ்வேறுபாட்டை அவர்களுக்குத் தமிழிலேயே சொல்லிவைப்போம்.